வைட்டமின் 'ஏ'யும் எலும்பு மஜ்ஜையும்

(புதுக்கோட்டை மன்னர் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இங்கே புகுமுக வகுப்பு படித்தது 1971-இல். அப்போது ஒரு மைக்ராஸ்கோப்புக்கு ஆறு பேர் வரிசையில் நிற்போம். வெங்காயச் சருகைப் பார்க்கச் சொன்னால், பாதிப் பேர் தங்கள் கண் இமையைத்தான் பார்த்துவிட்டு வருவோம். அந்த மைக்ராஸ்கோப்பே பிற்காலத்தில் எனக்குச் சோறு போடும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். தஞ்சாவூரில் மருத்துவம் படித்து, நோய்க்குறியியல் எடுத்து, வாழ்நாள் முழுவதும் ரத்தச் சிலைடு பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். "டாக்டர்னு சொல்றீங்க, ஊசி போட மாட்டீங்களா?" என்று எங்கள் ஊர் அப்பத்தாமார்கள் இன்றும் கேட்கிறார்கள்.

புற்றுநோயைப் பற்றி நம் கல்லூரியில் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. பெண்பிள்ளை கல்லூரிக்குள் வருவதா என்று ஊரே முகம் சுளித்த காலத்தில், மன்னரின் அனுமதி பெற்று இங்கே படித்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-இல் நம் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர். தம் தங்கை புற்றுநோயால் துடித்து இறந்ததைக் கண்டவர். அந்தத் துயரம்தான் 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. ஆகவே அவர் நடந்த வராந்தாவில் நின்று ஒரு ரத்தப் புற்றுநோயைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதைக் குணப்படுத்தும் மருந்து வைட்டமின் 'ஏ' குடும்பத்தைச் சேர்ந்தது என்பதுதான் இதில் வியப்பு.

முதலில் ஒரு பையனின் கதை. 1984-ஆம் ஆண்டு. அவன் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆலங்குடிப் பக்கம், கடலை விவசாயக் குடும்பம். வயது இருபத்திரண்டு. ஒரு வாரமாக ஈறில் ரத்தக் கசிவு. "உடம்புச் சூடு" என்று இளநீரும் வெந்தயமும் கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஆட்டம் கண்ட பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். அதன்பிறகு ரத்தம் நிற்கவேயில்லை. நான் அப்போது ஒரு மருத்துவமனையில் இளநிலை மருத்துவர். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடியில் இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டுப் பார்த்தேன்.

அந்தக் காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. பெரிய பெரிய அணுக்கள். உள்ளே செந்நிறப் பொடிகள் நெருக்கமாய். சில அணுக்களில் ஊசி போன்ற குச்சிகள் கத்தை கத்தையாய், காட்டில் பொறுக்கிக் கட்டிய விறகுக் கட்டைப் போல. மேல்நாட்டுப் பாடநூல்களிலும் அதற்கு 'விறகுக்கட்டு அணு' என்ற பொருள் தரும் பெயர்தான். அதைப் பார்த்தாலே நோயின் பெயர் தெரிந்துவிடும். அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகீமியா, சுருக்கமாக ஏ.பி.எல். நார்வே மருத்துவர் ஹில்லஸ்டாட் 1957-இலேயே இதைத் தனி நோயாக விவரித்து, ரத்தப் புற்றுநோய்களிலேயே மிக வேகமாகக் கொல்வது இதுதான் என்று எழுதியிருந்தார்.

பையனின் அம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா கேட்டார்: "பேரு தெரிஞ்சிருச்சுல்ல தம்பி, அப்ப மருந்தும் இருக்கும்ல?"

பெரிய நகரங்களில் கீமோதெரபி இருந்தது. ஆனால் அந்த மருந்தே முதலில் ரத்தக் கசிவை அதிகமாக்கும். அவனை அவ்வளவு தூரம் கொண்டுபோகவும் முடியாது. மூன்றாம் நாள் மூளையில் ரத்தம் கசிந்து அவன் போய்விட்டான். அந்த அம்மாவின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

பதில் அடுத்த ஆண்டே கிடைத்தது, சீனாவின் ஷாங்காய் நகரில். அதைச் சொல்வதற்கு முன் நம் எலும்புக்குள் என்ன நடக்கிறது என்று மாணவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

எலும்பு மஜ்ஜையை ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்வது மூல அணு. வகுப்பு வகுப்பாகத் தேறி, முதிர்ந்த வெள்ளையணுவாக வெளியே வந்து, கிருமிகளோடு சண்டை போட்டு, சில நாட்களில் மடிந்துபோகும். இப்படி நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி வெள்ளையணுக்கள் தேறி வருகின்றன. நடுவில் ஒரு வகுப்புக்குப் பெயர் புரோமைலோசைட். ஏ.பி.எல். நோயில் எல்லா மாணவர்களும் அந்த ஒரு வகுப்பிலேயே நின்றுவிடுகிறார்கள். தேறுவதுமில்லை, போவதுமில்லை, மேலும் மேலும் பெருகுகிறார்கள். வகுப்பறை பிதுங்கி, பள்ளிக்கூடமே அவர்களால் நிறைந்துவிடுகிறது. சிவப்பணுவுக்கும் தட்டணுவுக்கும் இடமில்லை. அதோடு இந்த அணுக்களில் உள்ள பொருள்கள் ரத்தத்தில் கலந்து, உறையும் சக்தியையே தின்று தீர்த்துவிடுகின்றன. அதனால்தான் பல் பிடுங்கினால் ரத்தம் நிற்பதில்லை.

ஏன் தேறாமல் நிற்கிறார்கள்? பள்ளியில் வகுப்பு மாற மணி அடிப்பது போல, அணுவுக்குள் 'அடுத்த வகுப்புக்குப் போ' என்று சொல்லும் பொருள்களில் ஒன்று ரெட்டினாயிக் அமிலம். நாம் உண்ணும் முருங்கைக் கீரையிலும் மாம்பழத்திலும் உள்ள கரோட்டின், உடம்பில் வைட்டமின் 'ஏ' ஆகி, அதிலிருந்து இந்த அமிலம் உண்டாகிறது. அந்த மணியைக் கேட்கும் காது ஒன்று அணுவின் உட்கருவில் இருக்கிறது. அதை ஏற்பி என்கிறோம். அந்த ஏற்பிக்குரிய மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இந்த நோயில் 15-ஆம் குரோமோசோமும் 17-ஆம் குரோமோசோமும் துண்டாகி, இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. இதை 1977-இல் அமெரிக்காவில் ஜேனட் ரௌலி என்ற அம்மையார் கண்டார். அப்படி ஒட்டும்போது அந்தக் காது வேறொரு புரதத்தோடு பிணைந்து மந்தமாகிவிடுகிறது. வழக்கமான மணிச்சத்தம் அதற்குக் கேட்பதில்லை. மணியைப் பல மடங்கு ஓங்கி அடித்தால் கேட்கிறது! மருந்தின் சூட்சுமம் இவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், மருந்து முதலில் வந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. 1980-ஐ ஒட்டி அமெரிக்காவில் பிரைட்மன் என்பவரும் அவரோடு இருந்தவர்களும், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ரத்தப் புற்றணுக்களில் ரெட்டினாயிக் அமிலத்தை விட்டபோது அவை முதிர்ந்து சாதாரண வெள்ளையணுவைப் போல் மாறுவதைக் கண்டார்கள். ஷாங்காயில் வாங் சென்யீ என்ற மருத்துவர் இந்தப் போக்கில் சிந்தித்துக்கொண்டிருந்தார். கெட்ட அணுவைக் கொல்வதற்குப் பதில் அதைத் திருத்த முடியாதா என்பது அவர் கேள்வி. இந்த அமிலத்தில் பல வடிவங்கள் உண்டு. அவர் நாட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலை தோல் நோய்க்காகச் செய்துகொண்டிருந்தது ஆல்-டிரான்ஸ் என்ற வடிவம். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார். வேதியியல் மாணவர்களே, சிஸ், டிரான்ஸ் என்று பரீட்சைக்காக உருப்போடுகிறீர்களே, அந்த டிரான்ஸ்தான் இது. உங்களில் சிலர் முகப்பருவுக்குப் பூசும் டிரெட்டினாயின் களிம்பும் இதே மூலக்கூறுதான்.

1985-இல் சாகும் தறுவாயில் இருந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதன்முதலில் அந்த மருந்தைக் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். 1988-இல் 24 நோயாளிகளின் விவரத்தை வாங் குழுவினர் வெளியிட்டார்கள். அவர்களில் 23 பேருக்கு இந்த ஒரே மருந்திலேயே நோய் அடங்கியிருந்தது. முடி கொட்டவில்லை. மஜ்ஜை வெறுமையாகவில்லை. நின்றுபோன மாணவர்கள் எல்லாரும் தேறி வெளியே போய்விட்டார்கள்! அந்த மந்தக் காதின் மரபணுவைப் பாரிஸ் உள்ளிட்ட பல இடங்களில் பிரித்தறிந்தது 1990, 91-இல்தான்.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. நம் சித்த மருத்துவ ஏடுகளில் பாஷாணங்கள் 64 என்பார்கள். அதில் வெள்ளைப் பாஷாணம் என்பது ஆர்சனிக். கொடிய விஷம். நம்மைப் போலவே சீனர்களும் அதை நாட்டு மருந்தில் வைத்திருந்தார்கள். 1970-களில் ஹார்பின் நகரத்தில் ஜாங் டிங்டாங் என்பவர் அதைச் சுத்தமான ஊசி மருந்தாக்கி ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார். ஏ.பி.எல்.லுக்குத்தான் அது சிறப்பாக வேலை செய்தது. பிணைந்து கிடக்கும் அந்த இரட்டைப் புரதத்தின் ஒரு முனையை ரெட்டினாயிக் அமிலம் தாக்குகிறது. மறு முனையை ஆர்சனிக் தாக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் அந்தப் புரதமே சிதைந்துபோகிறது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் விக்ரம் மேத்யூஸ் குழுவினர் 1998 முதல் 2004 வரை 72 நோயாளிகளுக்கு ஆர்சனிக்கை மட்டுமே முக்கிய மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 86 பேருக்கு நோய் முழுதும் அடங்கியது. செலவு தாங்க முடியாத நம் நாட்டு நோயாளிகளுக்கு இது வழி காட்டியது. 2006-இல் வெளிவந்த அந்த ஆய்வை உலகமே கவனித்தது. பிறகு 2013-இல் இத்தாலியில் லோ-கோக்கோ குழுவினர், அதிக ஆபத்தில்லாத வகை நோயாளிகளுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து, கீமோதெரபியே இல்லாமல் கொடுத்தார்கள். இரண்டாண்டு கழித்து நூற்றுக்கு 99 பேர் உயிரோடு இருந்தார்கள். மிக வேகமாகக் கொல்வது என்று 1957-இல் எழுதப்பட்ட நோய், மிக நன்றாகக் குணமாகும் ரத்தப் புற்றுநோயாகிவிட்டது.

இங்கேயே "நன்றி, வணக்கம்" என்று முடித்துக்கொண்டால் கைதட்டி அனுப்பிவிடுவீர்கள். ஆனால் நான் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது.

2006-ஆம் ஆண்டு. வேலூர் ஆய்வு வெளிவந்த அதே ஆண்டு. நான் வேறொரு ஊரில் மாலை நேரங்களில் சிலைடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் சொந்தத்தில் ஒரு திருமணம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மேஜையில் ஏழெட்டுச் சிலைடுகள். சீட்டுகளைப் புரட்டினேன். ஒன்றில், "பெண், 31, காய்ச்சல், உடம்பில் ஆங்காங்கே கன்றிய தழும்பு, தட்டணு குறைவு" என்று எழுதியிருந்தது. அது டெங்கு காலம். டெங்குவாகத்தான் இருக்கும், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்துவிட்டுப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் அந்தச் சிலைடை லென்ஸுக்கு அடியில் வைத்தேன். விறகுக் கட்டுகள். போனைக் கையில் எடுத்தபோது, பக்கத்தில் இருந்த டெக்னீசியன் தம்பி மெல்லச் சொன்னார்: "சார், அந்தம்மா நேத்து ராத்திரியே தவறிட்டாங்க."

1984-இல் மருந்து இல்லாமல் ஒரு பையன் போனான். 2006-இல் மருந்து இருந்தது. மருந்துக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் நான் இருந்தேன். அன்றே பார்த்திருந்தால் உறுதியாகப் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் பிழைக்க ஒரு வழி இருந்தது. அதை நான் பூட்டிவிட்டுப் போனேன். என் வீட்டில் உள்ளவர்களைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை. எனக்கு மைக்ராஸ்கோப்பைப் பார்க்கக் கற்றுத்தந்த இந்த இடத்தில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

இது என் ஒருவனுடைய கதை மட்டும் அல்ல. அமெரிக்காவின் புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்து 1992 முதல் 2007 வரையிலான நோயாளிகளைக் கணக்கிட்டார்கள். மருந்து தாராளமாகக் கிடைக்கும் அந்த நாட்டிலேயே, ஏ.பி.எல். வந்தவர்களில் 17 விழுக்காட்டினர் முதல் 30 நாட்களுக்குள் இறந்திருக்கிறார்கள். தப்பித்து மருத்துவத்தைத் தொடர்ந்தவர்களில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். ஆகவே இந்த நோயில் சண்டை நடப்பது முதல் சில நாட்களில்தான். அதனால்தான் இன்றைய விதி தெளிவாக இருக்கிறது: சந்தேகம் வந்தவுடனே ரெட்டினாயிக் அமில மாத்திரையைத் தொடங்கு; மரபணுப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காதே. முடிவு வேறாக வந்தால் மருந்தை நிறுத்திக்கொள்ளலாம். போன உயிரைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அந்த அம்மாவுக்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். தட்டணு குறைந்த எந்தச் சிலைடும் என் மேஜையில் ராத்தங்கக் கூடாது. 2011-இல் ஒரு நாள் இரவு ஏழு மணிக்குக் கந்தர்வகோட்டைப் பக்கத்து மாணவி ஒருத்தியின் சிலைடு வந்தது. முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்யும் குடும்பம். மாதவிடாய் ரத்தம் பன்னிரண்டு நாளாக நிற்கவில்லை. பார்த்தேன், அதே விறகுக் கட்டு. அடுத்த ஐந்து நிமிடத்தில் மருத்துவருக்குப் போன். 108 வண்டி. பெரிய மருத்துவமனையில் இருந்த நண்பரிடம், "படுக்கை அப்புறம் தேடு, முதல்ல மாத்திரையக் குடு" என்றேன். நள்ளிரவுக்குள் முதல் மாத்திரை உள்ளே போய்விட்டது. தட்டணுவும் பிளாஸ்மாவும் ஏற்றினார்கள். பத்து நாள் போராட்டம். இன்று அந்தப் பெண் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு குழந்தைகள். பொங்கலுக்கு வறுத்த முந்திரி வந்துவிடும். அதைச் சாப்பிடும்போதெல்லாம் அந்தச் சனிக்கிழமை அம்மாவும் நினைவுக்கு வருவார்.

இனி, கேள்வி நேரத்தில் கேட்கப்போகிற இரண்டுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

"அப்ப தினமும் கீரை தின்னா ரத்தப் புற்றுநோய் வராதா சார்?" அப்படி இல்லை. ஒரு நாளைக்கு நமக்குத் தேவைப்படும் வைட்டமின் 'ஏ' ஒரு மில்லிகிராம் அளவுதான். ஏ.பி.எல். நோயாளி சாப்பிடும் ரெட்டினாயிக் அமிலம் 70 மில்லிகிராம் வரை வரும். பத்து மில்லிகிராம் மாத்திரை ஏழு. கீரையால் அந்த மணியை அவ்வளவு ஓங்கி அடிக்க முடியாது. மற்ற வகை ரத்தப் புற்றுநோய்களில் இந்த மருந்து இவ்வளவு தூரம் வெற்றி பெறவும் இல்லை. ஆனால் கீரையை விட்டுவிடாதீர்கள். அது கண்ணுக்கு மட்டும் அல்ல, ரத்தத்துக்கும் வேண்டும். வைட்டமின் 'ஏ' குறைந்தால், உடம்பில் சேமித்த இரும்புச்சத்து சரியாக வெளியே வராது. சோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு இரும்போடு வைட்டமின் 'ஏ'யும் சேர்த்துக் கொடுத்தால் நல்ல பலன் தெரிகிறது என்று 1993-இல் இந்தோனேசியாவில் காட்டினார்கள்.

"மாத்திரை, பாஷாணம் எல்லாம் நாமே வாங்கிச் சாப்பிடலாமா?" கூடவே கூடாது. அணுக்கள் கூட்டமாக முதிரும்போது சிலருக்குக் காய்ச்சல், மூச்சுத் திணறல், உடல் வீக்கம் வரும். உடனே ஸ்டீராய்டு மருந்து கொடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணி இதைச் சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வரலாம். ஆர்சனிக் இதயத் துடிப்பைக் குலைக்கும். மருத்துவமனையில் ஈ.சி.ஜி. பார்த்துப் பார்த்துக் கொடுக்கும்போதுதான் அது மருந்து. மற்ற இடத்தில் அது பழைய பாஷாணமேதான்.

மாணவச் செல்வங்களே, நம் மாவட்டத்துக்கு 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எங்கள் காலத்தில் ரத்தச் சந்தேகம் என்றால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏற வேண்டும். இன்று முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, 108 இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. குறைவாக இருப்பது, பார்த்தவுடனே சந்தேகப்படுகிற கண். ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றல், நிற்காத மாதவிடாய், இவற்றோடு காய்ச்சலும் சோர்வும் சேர்ந்தால் 'சூடு' என்று இளநீரோடு விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்; சிலைடையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் பல்லைப் பிடுங்கவோ ஊசி போடவோ விடாதீர்கள். உங்களில் யாராவது நாளை லேப் டெக்னீசியனாகவோ மருத்துவராகவோ ஆனால், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று விளக்கை அணைப்பதற்கு முன் மேஜையில் உள்ள கடைசிச் சிலைடையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

"பேரு தெரிஞ்சிருச்சுல்ல, மருந்தும் இருக்கும்ல?" என்று கேட்ட அந்த ஆலங்குடித் தாய்க்கு இன்று பதில் சொல்ல முடியும். "இருக்கு ஆத்தா. சீக்கிரம் வந்தா இருக்கு. நாங்க சீக்கிரம் பார்த்தா இருக்கு."